சொல்லாமற் சொல்லுதல்: மலையகத் தோட்டங்களில் விடுகதை விளையாட்டும் சமூக உறவுகளும்

விளையாட்டினை உழைப்பின் மறுதலையாகக் கொள்வது பொதுவழக்கு. உழைத்துக் களைத்தோர் தம் களைப்பை மறப்பதற்கு மேற்கொள்ளும் பொழுதுபோக்கே விளையாட்டென்றும், ஆதலின் அது ஆய்வாளரின் கவனத்துக்குரியதன்று என்றும் கருதுவோர் இன்றும் உளர். ரஷ்ய மார்க்சிய அறிஞரான பிளெக்கனோவ் கலையின் தோற்றங் குறித்து எழுதிய ‘முகவரியற்ற கடிதங்கள்’ என்னும் நூலில் இக்கருத்தினை மறுத்தார். சமூக வரலாற்றில் உழைப்பே முந்தியது. விளையாட்டு அதன் குழந்தை என்பது அவர் வலியுறுத்திய நிலைப்பாடாகும். வேட்டையாடி வாழும் குழுவினரின் சிறுவர் வேட்டையையே ஆடுவர். உழுது வாழ்வோரின் சிறுவர் உழவினை ஆடுவர். எனவே ஒரு சமூகம் எதனை ஆடுகிறது, எவ்வாறு ஆடுகிறது என்பவற்றை நோக்கின், அது எவ்வாறு உழைக்கிறது, எத்தகைய உறவுகளுள் வாழ்கிறது என்பனவும் புலப்படும்.

இந்நோக்கில், இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களிடையே வழங்கும் விடுகதை விளையாட்டினை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். மலையக வாய்மொழி இலக்கியம் பற்றிப் பேசப்படும்போது நாட்டார் பாடல்களே முதலிடம் பெறுவது வழக்கம். அது பொருத்தமானதே. தோட்டத்திற் பிறந்து, 1947ஆம் ஆண்டு தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை அப்பாடல்களைத் தேடித் தொகுத்தார். சாரல்நாடன் முதலியோர் அத்துறையை மேலும் வளர்த்தனர். விடுகதையோ அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. பாடல் துயரத்தை நேரே உரைப்பது. விடுகதை சிரிக்க வைப்பது. துயரத்தைத் தேடிச் செல்லும் ஆய்வாளர் சிரிப்பைக் கடந்து போய்விடுதல் இயல்பே.

1. விளையாட்டின் விதி

விடுகதையின் விதி எளிமையானது. ஒரு பொருளை ஒருவர் மனத்துட் கொள்கிறார். அதன் பெயரைச் சொல்லாமல், அதன் வடிவையோ செயலையோ பிறிதொன்றின் வடிவாலும் செயலாலும் விவரிக்கிறார். கேட்போர் அப்பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். ஊசியும் நூலும், ஓடுந்தோறும் வால் குறுகும் குதிரையாகக் காட்டப்படுகின்றன. முட்டை, வாயிலற்ற வெள்ளைக் கோட்டையாகிறது. உப்பு, நீரிற் பிறந்து நீரிலேயே மடிகிறது. தமிழ் மக்கள் வாழும் இடங்களிலெல்லாம் இவை அறியப்பட்டவை. தமிழகத்தின் சில பகுதிகளில் இவ்விளையாட்டு ‘வெடி’ என்றும் ‘அழிப்பாங்கதை’ என்றும், ஈழத்தின் வடக்கிலும் கிழக்கிலும் ‘நொடி’ என்றும் வழங்குவதுண்டு.

அமெரிக்க நாட்டாரியல் அறிஞர்களான ரொபேட் ஜோர்ஜஸ், அலன் டண்டிஸ் ஆகிய இருவரும் 1963ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றில் விடுகதையின் அமைப்பினை வரையறுத்தனர். விடுகதையில் விவரணக்கூறு ஒன்றோ பலவோ இருக்கும். அக்கூறுகளுள் இரண்டு ஒன்றோடொன்று முரணி நிற்றலுங் கூடும். விவரிக்கப்படும் பொருளைக் கேட்போர் ஊகித்தறிதல் வேண்டும் என்பது அவர்தம் வரையறையின் சாரம். முரணே இங்கு நமக்கு முக்கியமானது. குதிரை ஓடினால் வால் குறைவதில்லை. கோட்டைக்கு வாயில் இல்லாதிருப்பதில்லை. நடைமுறை அறிவுக்கு ஒவ்வாத இம்முரண் விடை தெரிந்ததும் கலைகிறது. முரண் பொருளிடத்தில் இல்லை, அதனைப் பார்த்த பார்வையிலேயே இருந்தது என்பது அப்போது விளங்குகிறது. ஆயின், விடை தெரிந்த பின்னரும் கலையாத முரண்கள் உண்டா? இவ்வினாவுக்குப் பின்னர் மீள்வோம்.

2. பிசியும் சித்திரகவியும்

தமிழிலக்கண மரபு இவ்விளையாட்டை மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டது. தொல்காப்பியச் செய்யுளியல், யாப்பின் வகைகளாகப் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என ஏழினைக் கூறுகிறது. இவற்றுட் பிசி என்பது விடுகதையாகும். உவமையோடு பொருந்தி வருவது, வெளிப்படச் சொன்னதைக் கொண்டு மறைந்ததைத் துணிய வைப்பது என அது இருவகைப்படும். உரையாசிரியரான பேராசிரியர் காட்டும் எடுத்துக்காட்டொன்றில், பிறைநிலவைக் கவ்வியவாறு நடந்துசெல்லும் மலையாக யானை தோன்றுகிறது. பாமரரின் வாய்ச்சொல்லும் பாட்டும் நூலும் ஒரே வரிசையில் வைத்தெண்ணப்பட்டமை நோக்கற்பாலது.

பிற்கால அணியிலக்கணத்தில் நிலைமை வேறாகிறது. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவி வகைகளுள் வினாவுத்தரம், அக்கரச்சுதகம் முதலியனவும் ஊகித்தறியும் விளையாட்டுகளே. வினாக்கள் சிலவற்றின் விடைகள் இணைந்து ஒரு சொல்லாதலும், ஒரு சொல்லில் எழுத்தொன்றை நீக்கியவழி வேறொரு சொல் பிறத்தலும் அவற்றின் இயல்பு. அவை எழுத்தை அடிப்படையாகக் கொண்டவை; எழுத்தறிந்தோர்க்கே உரியவை. மக்களின் விடுகதையோ பொருளை அடிப்படையாகக் கொண்டது. அதனை அவிழ்ப்பதற்கு எழுத்தறிவு தேவையில்லை. உலக்கையையும் உறியையும் ஊசியையும் கையாண்ட அனுபவமே போதும். புலவரின் புதிர் சொல்லுக்குட் சொல்லைத் தேடுகிறது; உழைப்போரின் புதிர் பொருளுக்குட் பொருளைத் தேடுகிறது. எழுத்தறிவு சிலரின் உடைமையாயிருந்த சமூகத்தில் இவ்வேறுபாடு வர்க்க வேறுபாடேயாகும்.

3. மலைக்கு வந்த கிராமம்

மத்திய மலைநாட்டிற் பெருந்தோட்டப் பயிர்ச்செய்கை 1820களிற் கோப்பியுடன் ஆரம்பமாயிற்று. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்திற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். இரண்டாண்டுகளின் பின் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, தேயிலை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. இவ்விரு பயிர்களுக்கும் வேண்டிய உழைப்பைத் திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம், இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய மாவட்டங்களின் வறிய கிராமத்து மக்கள் வழங்கினர். வறட்சியும் கடனும் சாதிக் கொடுமையும் அவர்களைப் பின்னின்று தள்ளின. கங்காணியின் வாக்குறுதி முன்னின்று இழுத்தது.

வந்தோர் கையிற் கொணர்ந்தது சிறிது. வாயிற் கொணர்ந்தது பெரிது. காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் தாலாட்டும் ஒப்பாரியும் அவர்களோடு கடல் கடந்தன. விடுகதைகளும் அவ்வாறே வந்தன. ஆனால் கூத்துக்கும் விடுகதைக்கும் இடையே வேறுபாடொன்றுண்டு. கூத்துக்கு வேண்டிய கதை கூத்துக்குள்ளேயே இருக்கிறது. விடுகதைக்கு வேண்டிய பொருளோ வெளியே, கண்முன்னே இருத்தல் வேண்டும். ஏற்றத்தைக் காணாதவன் ஏற்றத்தை ஊகிப்பது எங்ஙனம்? பனையும் நுங்கும் கமலைக் கிணறும் களத்துமேடும் நுவரெலியாவின் ஆறாயிரம் அடி உயரத்தில் இல்லை. அங்கு நீர் கிணற்றிலிருந்து இறைக்கப்படுவதில்லை, பீலியிலிருந்து வழிகிறது.

ஆகவே மலையிற் பிறந்த தலைமுறையிடம் விடுகதை புதியதொரு தொழிலைப் பெற்றது எனலாம். பாட்டி ஏற்றத்தை மனத்துட்கொண்டு வினவுகிறாள், பேரப்பிள்ளை தோற்கிறது, பாட்டி விடையைச் சொல்கிறாள். விளையாட்டு அவ்விடத்து முடிவதில்லை. ‘ஏத்தம்னா என்ன, அப்பாயி?’ என்னும் அடுத்த வினா பிறக்கிறது. அதற்கு விடையிறுக்கும்போது கிணறு வருகிறது. கிணற்றோடு வயல் வருகிறது. வயலோடு அவ்வயல் எவருக்குரியதாயிருந்தது, ஏன் விட்டு வந்தனர் என்னும் வரலாறும் வருகிறது. தாயகத்தில் அறிந்த பொருளை மறைத்து விளையாடுவதற்கு உதவிய வடிவம், இங்கே மறைந்துபோன பொருளை அறிவிப்பதற்கு உதவுகிறது. எழுதப்பட்ட வரலாறு மறுக்கப்பட்ட மக்களுக்கு விடுகதையே ஒரு பொருட்காட்சிச்சாலையாயிற்று.

4. ஏவலும் வினாவும்

தோட்டத்தில் மொழி எவ்வாறு வழங்கியது என்பதை நோக்காது விடுகதையின் சமூகப் பொருளை உணர முடியாது. தோட்ட நிருவாகம் கூர்நுனிக் கோபுரம் போன்றது. உச்சியிற் பெரிய துரை, அவருக்குக் கீழ்ச் சின்னத்துரை, அதன்பின் கணக்கப்பிள்ளை, கங்காணி, அடியிலே தொழிலாளர். விடியலில் தப்பொலி எழுப்ப, பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவர். எந்த மலையில் எவருக்குக் கொழுந்து, எவருக்குக் கவ்வாத்து, எவருக்கு முள்ளுக்குத்து என்பன அங்கு அறிவிக்கப்படும். இம்மொழியின் வாக்கியங்கள் பெரும்பாலும் ஏவல் வாக்கியங்களே.

ஆங்கிலத் தோட்டத்துரைமார்க்கெனக் காலனித்துவ காலத்திற் கொழும்பில் வெளிவந்த தமிழ்க் கைந்நூலொன்றின் பெயரே ‘இங்கே வா’ என்பதாகும். பிறிதொரு நூல் ‘கூலித் தமிழ்’ எனப் பெயர் பெற்றது. ஈராயிரம் ஆண்டு இலக்கியமுடைய மொழியை இவர்கள் ஏவல் வினைமுற்றுகளின் தொகுதியாகவே கற்றனர். இதில் தனிமனிதரின் குறையைத் தேடுவதிற் பயனில்லை. உற்பத்தி உறவு எதனை வேண்டிற்றோ அதனையே இலக்கணமும் தந்தது. மேலிருந்து கீழ்நோக்கி வருவது கட்டளை. கீழிருந்து மேல்நோக்கிச் செல்லக்கூடியது ‘ஆகட்டுங்க’ என்னும் இசைவு மட்டுமே. வினாவுக்கு அங்கே இடமில்லை. வினாவுவது எதிர்த்துப் பேசுவதாகக் கொள்ளப்பட்டது.

மாலையில் லயத்தில் நிகழ்வதோ வேறு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பரா. அதன் முன்னே இஸ்தோப்பு. உள்ளே புகை சூழ்ந்த அடுப்பு. மலைக்குளிரில் அனைவரும் அடுப்பைச் சுற்றி நெருங்கியிருக்கும் நேரமே விடுகதைக்கு உகந்தது. நாள் முழுதும் கொழுந்து பறித்துத் திரும்பிய பெண் ரொட்டி தட்டியவாறே பிள்ளைகளுக்கு விடுகதை போடக்கூடும். ஏனெனில் இவ்விளையாட்டுக்குக் கை வேண்டியதில்லை. தோட்டத் தொழிலும் வீட்டுத் தொழிலும் என இருமடிச் சுமை தாங்கும் பெண்ணின் ஓய்வு, வேலைக்கு அப்பால் உள்ளதன்று. வேலைக்கு உள்ளேயே திருடப்படுவது. பலகையோ காயோ களமோ வேண்டாத இவ்விளையாட்டு அத்தகைய ஓய்வுக்கு ஏற்றதாயிருந்தமை தற்செயலன்று.

இவ்விளையாட்டின் மொழி ஏவலன்று, வினா. மேலும், வினாவுபவரே விடையை வைத்திருப்பவர். பகலில் எவராலும் எதுவும் வினவப்படாத, ஏவப்படுபவளாக மட்டுமே இருந்த பெண், இரவில் விடையின் உடைமையாளராகிறாள். எட்டு வயதுச் சிறுமி தன் பாட்டனையும் மடக்கலாம். கங்காணியே வந்தமர்ந்தாலும் விடை தெரியாவிடின் அவரும் தோற்றவரே. பெரட்டுக்களத்தின் உறவு, இவ்வளவில், இவ்விடத்தில், தலைகீழாகிறது. இதனைப் புரட்சி என்று கூறுவது மிகை. விடிந்தால் மீண்டும் தப்பொலியே எழும். எனினும் கேள்வி கேட்கும் பழக்கத்தை ஒரு மக்கட் கூட்டம் எங்கேனும் பேணி வைத்திருத்தல் வேண்டும். தோட்டங்களிலே தொழிற்சங்கம் வேரூன்றிய காலத்தில், கூட்டங்களில் எழுந்து வினாவியோர் வினாவும் பழக்கத்தை முற்றிலும் புதிதாகக் கற்றவரல்லர் என்றே நாம் கருதுகிறோம்.

5. பெயர்

விடுகதை பெயரை மறைத்துப் பெயரைத் தேடும் விளையாட்டு. மலையகத்தில் ‘பெயர்’ என்னும் சொல் பெற்ற பொருள்கள் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கன. ஒரு நாள் வேலைக்குரிய வரவு அங்கு ‘பேர்’ எனப்படும். நிருணயிக்கப்பட்ட அளவு கொழுந்து பறிக்கத் தவறினால் ‘அரைப்பேர்’ விழும். அரைநாட் சம்பளமே கிட்டும். ஒருவருடைய பெயர் பதிவேட்டில் அவர் உழைப்பின் அளவாக மாறுவதும், அவ்வளவு குறையும்போது பெயரே பாதியாவதும் மொழியிற் பதிந்துள்ளன. ‘கூலி’ என்னும் தமிழ்ச் சொல் உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறிப்பது. காலனித்துவப் பதிவேட்டில் அது உழைக்கும் மனிதனின் பெயராயிற்று. விலை, மனிதனுக்கு ஆகுபெயராயிற்று.

நாட்டின் சட்டமும் இவர்களைப் பெயரிடாது விவரித்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராகப் பிரித்து, 1,50,000 பேரைப் பின்னர் தீர்மானிக்க வேண்டிய மீதியாக விட்டது. பத்தாண்டுகளின் பின் அம்மீதியும் இரு சமகூறாக்கப்பட்டது. நாடற்ற நிலைக்கு முடிவு கட்டும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. ‘இந்திய வம்சாவளியினர்’, ‘தோட்டத் தொழிலாளர்’, ‘நாடற்றவர்’ என்பனவெல்லாம் விவரணக்கூறுகள், விடுகதைக்குரிய குறிப்புகள். ‘மலையகத் தமிழர்’ என்னும் விடையை அம்மக்களே, தம் போராட்டங்களினூடாகவும் இலக்கியத்தினூடாகவும் கண்டு உரைக்க வேண்டியிருந்தது. வருகையின் இருநூறாம் ஆண்டை அவர்கள் 2023இல் நினைவுகூர்ந்தபோது மலையகம் என்னும் பெயரையே முன்வைத்தனர்.

6. இரு விடுகதைகள்

விடை தெரிந்த பின்னும் கலையாத முரண் உண்டா என முன்னர் வினவினோம். அதனை விளக்குவதற்கு, மரபு வடிவைப் பின்பற்றி நாமே ஆக்கிய இரு விடுகதைகளை ஒப்பிடுவோம். இவை மக்களிடமிருந்து தொகுக்கப்பட்டவையல்ல; அமைப்பை விளக்கும்பொருட்டு ஆக்கப்பட்டவையே.

முதலாவது: பச்சையாய்ப் பிறப்பான், கறுப்பாய்க் காய்வான், சிவப்பாய்க் கரைவான், அவன் யார்? விடை தேயிலை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு பற்றிய பழைய நிறமாற்ற விடுகதைகளின் அச்சிலேயே இது அமைந்துள்ளது. கொழுந்து வாட்டப்பட்டு, அரைபட்டு, புளித்து, வறண்டு, ஈற்றிற் கோப்பையிற் சாயமாய் இறங்குவது மூன்று நிறங்களுள் அடங்கிவிடுகிறது. விடை தெரிந்ததும் முரண் முற்றாகக் கலைகிறது. இதனைக் கொழும்பிலோ இலண்டனிலோ ஒரு விருந்தறையிலும் கேட்கலாம். எவரும் சிரித்து மகிழலாம்.

இரண்டாவது: காலையில் வெறும்வயிற்றோடு முதுகில் ஏறுவாள், மாலையில் வயிறு நிறைந்து இறங்குவாள், ஊட்டியவள் வயிறோ நிறைவதில்லை, அவள் யார்? விடை கொழுந்துக்கூடை. இங்கும் விடை கிடைக்கிறது. கூடைக்கு வயிறு ஏது என்னும் முரண் கலைகிறது. ஆனால் மூன்றாவது கூற்றிலுள்ள முரண் கலையவில்லை. ஊட்டியவள் வயிறு ஏன் நிறையவில்லை? கூடை என்னும் விடை அதற்கு விடையாகாது. விளையாட்டு முடிந்த பின்னும் வினா எஞ்சி நிற்கிறது. முதல் விடுகதையில் உழைப்பவரே இல்லை; பொருள் தானே பிறந்து தானே நிறம் மாறுகிறது. இரண்டாவதில் உழைப்பவரை நீக்கினால் விடுகதையே இல்லை.

மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற்பாகத்தில் (1867) இதே செய்தியை வேறு தளத்தில் எடுத்துரைத்தார். பெறுமதி, உழைப்பின் விளைவு ஒவ்வொன்றையும் அவிழ்க்கப்பட வேண்டிய சமூகச் சித்திர எழுத்தாக மாற்றிவிடுகிறது என்பது அவர் கருத்து. பண்டத்தைப் பார்ப்போர்க்கு அதனை ஆக்கிய மனித உறவு தெரிவதில்லை. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக்கொழுந்து வேண்டும். அக்கொழுந்தை ஒவ்வொரு கிள்ளாகப் பறித்தவள், 1883 முதல் கொழும்பில் நடைபெற்றுவரும் ஏலத்திலோ, 1998 வரை இலண்டனில் நடைபெற்ற ஏலத்திலோ அது என்ன விலை போயிற்று என்பதை அறிந்திருக்கவில்லை. தன் கைப்பட்ட பொருளே அவளுக்கு விடுகதையாகிறது. முதலாம் விடுகதை அச்சித்திர எழுத்தை அழகுபடுத்துகிறது. இரண்டாவது அதனை வாசிக்க முயல்கிறது. மக்களின் விடுகதைகளை ஆராயும்போது, எவை இம்முதல் வகையின, எவை இரண்டாம் வகையின எனப் பிரித்தறிவதே ஆய்வாளரின் முதற்பணியாதல் வேண்டும். எல்லா விடுகதைகளும் இரண்டாம் வகையின என்று கொள்வது ஆசைப்பிழை. சாதியையும் பெண்ணையும் இழித்துரைக்கும் விடுகதைகளும் நம் மரபில் உள்ளன. மக்களிடமிருந்து வந்தது யாவும் முற்போக்கானதன்று.

7. சந்தையிற் சொல்

நம் காலத்தில் இவ்விளையாட்டு பண்டமாகவும் விற்கப்படுகிறது. 1989ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘டபூ’ அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அட்டையிலுள்ள சொல்லைச் சொல்லாமல், அதனோடு இயைந்த வேறு ஐந்து சொற்களையும் சொல்லாமல், தன் அணியினர் அச்சொல்லை ஊகிக்கும்படி ஒருவர் விவரித்தல் வேண்டும். மணற்கடிகை வழிந்து தீருமுன் எத்தனை சொற்கள் கண்டறியப்பட்டன என்பது எண்ணப்படும். தவறிச் சொல்லிவிட்டால், காவலிருக்கும் எதிரணியினர் ஒலியெழுப்பித் தடுப்பர்.

பெயரைச் சொல்லாமற் சொல்லுதல் என்னும் அடிப்படை விதி இரண்டிலும் ஒன்றே. நண்பர் கூடிச் சிரித்து மகிழ்வதற்கு அது நல்ல விளையாட்டென்பதை மறுக்க வேண்டியதில்லை. எனினும் வேறுபாடுகள் சிந்தனைக்குரியன. அங்கு மறைக்கப்படும் சொல்லை அட்டை அச்சிட்டவர் தீர்மானிக்கிறார். இங்கு வினாவுபவரே தீர்மானிக்கிறார். அங்கு காலம் அளக்கப்படுகிறது. அதற்குள் சொல் ஊகிக்கப்படாவிடின் புள்ளி இல்லை. ஓய்வும் தொழிற்சாலையின் காலக்கணக்கை அணிந்துகொள்கிறது. அரைப்பேரின் நிழல் அங்கும் விழுகிறது. லயத்து விடுகதையில் நேரக்கட்டுப்பாடு இல்லை. விடை தெரியாதவன் இரவு முழுதும் யோசித்து மறுநாட் காலை கொழுந்து மலைக்குப் போகும் வழியிற் சொல்லலாம். தோல்வி அதுவரை ஒத்திவைக்கப்படும்.

8. செய்ய வேண்டியது

தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. 1992 முதல் கம்பனிகளின் நிருவாகத்துக்கு மாறின. பாடசாலைகள் பெருகின; இளைஞர் பலர் கொழும்புக்கும் அப்பாலும் தொழில் தேடிச் செல்கின்றனர். இம்மாற்றங்களை எதிர்த்துப் பழமையை ஏங்குவது நம் நோக்கமன்று. லயத்துக் காம்பரா அழிந்து வீடு எழுதல் வேண்டும். அடுப்பைச் சுற்றிய நெருக்கம் வறுமையின் நெருக்கமாகவும் இருந்தது என்பதை மறத்தலாகாது. ஆயினும் அக்காம்பராவில் வளர்ந்த வினாக்கள் அதனோடு சேர்ந்து புதையுண்டு போதல் ஆகாது.

இன்று தொகுப்பாளர் விடுகதையையும் விடையையும் இருநிரலாக எழுதிக்கொண்டு வருகின்றனர். அது போதாது. வினாவியவர் யார், வினாவப்பட்டவர் யார், எவ்வேலையின் இடையில், எப்பருவத்தில் என்பனவும் குறிக்கப்படல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிழையான விடைகளும் பதியப்படல் வேண்டும். ஏற்றத்தைக் காணாத பிள்ளை அவ்விடத்தில் எதனைச் சொன்னது? பீலியையா, கொழுந்து இறக்கும் கம்பிச் சுருளையா? சரியான விடை முன்னோரின் உலகைக் காட்டும். பிழையான விடை அப்பிள்ளையின் உலகைக் காட்டும். ஒரு மக்கட் கூட்டம் ஒரு நிலத்திற் காலூன்றிய வரலாறு அப்பிழைகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இளமைக்கால எழுத்தொன்றில் மார்க்ஸ், வரலாறு என்னும் விடுகதை அவிழ்வதைப் பற்றிப் பேசினார். அவ்விடையை எவரும் அட்டையில் அச்சிட்டுத் தரப்போவதில்லை. ஊட்டியவள் வயிறு ஏன் நிறையவில்லை என்னும் வினாவை அவள் வாயிலிருந்தே கேட்டு, பெயர் சொல்லிப் பதிவதிலிருந்து அப்பணி தொடங்குகிறது. மலையக வாய்மொழி மரபினை ஆராயப் புகும் மாணவர் இதனைத் தம் கடமையாகக் கொள்வாராக.